வேறு குறிப்புகள்

இரண்டு வாள்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம்.
கண்டி ஆஸ்பத்திரி எலும்பு வார்டில்
படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினாள் அக்குறணை ருஸ்னா:
"ஒரு முழங்காலுக்கு ஒன்று, மற்றதற்கு மற்றது.
எது எதற்கென்று சொல்ல மாட்டோம்.
தெரிந்தால் பதில் சாய்ந்துவிடும்."
மைப்பெட்டியைத் தள்ளிவிட்டு
பெ. வீரமலை என்று எழுதிக் கொடுத்தேன்.

முப்பத்தோரு வருஷம் கவ்வாத்து வெட்டியவனிடம்
கத்தியை ஒளித்து வைக்கிறார்கள்.

மாசியில் இடது கால்.
முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
நெஞ்சுக்கு நேரே பச்சைத் துணி, அதற்கு அப்பால்
டாக்டர் வெலகெதர, ஓய்வுக்கு இரண்டு மாதம்.
எலும்பில் ஏதோ சட்டத்தை ஆணியடித்துப் பொருத்தினார்கள்.
சுத்தியல் சத்தத்திலேயே தெரிந்தது:
மட்டக்கம்பு.
அதன் பிளவுக்குள் வாள் இறங்கியது.
அலகு முழுவதும் தலையாட்டுகிற சாதி.
சட்டத்தின் உதட்டில் மோதி மோதி
தகரத்தில் ஆலங்கட்டி விழுந்தது.
வலி இல்லை. கடைவாய்ப் பல் மட்டும் அதிர்ந்தது.
"வதுர" என்றார். தண்ணீர் விட்டார்கள்.
சூடேறினால் எலும்பு கருகும்.
எனக்குத் தெரியாதா?
வெட்டின வாயில் வெயில் பட்டால் வாது வெடிக்கும்.
கழித்த மிலாறை மேலே போட்டு மூடிவிட்டுத்தான்
அடுத்த செடிக்குப் போவோம்.

ஐப்பசியில் வலது.
அதே துணி, அதே குளிர். கை வேறு,
இளைய டாக்டர், பெயர் கேட்கவில்லை.
வாளும் வேறு.
உடம்பு அசையாமல் நுனிப்பல் மட்டும் நடக்கிற வாள்.
லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்
யாரோ தையல் மெஷின் மிதிப்பது போல.
இப்படியொரு கத்தி எனக்கு இருந்திருந்தால்
ஒரு நாளைக்கு எத்தனை செடி என்று கணக்குப் போட்டேன்.
பேருக்கு இத்தனை என்று அதையும் கூட்டியிருப்பார்கள்,
கணக்கை விட்டேன்.

"திரீ டிகிரி" என்று காதில் விழுந்தது.
அப்படியானால் எலும்பையும் மட்டமாக வெட்டுவதில்லை,
பின்னால் கொஞ்சம் சரிவு விடுகிறார்கள்.
மலை எந்தப் பக்கம் சாய்கிறதோ
செடியின் தலையும் அந்தப் பக்கமே சாய வேண்டும்.
இதை நான் கற்றுக்கொள்ள
கணக்கப்பிள்ளை மூன்று நாள் அரைப்பேர் போட்டார்.
இந்தப் பையனுக்கு யார் அரைப்பேர் போட்டார்களோ.

முடிந்ததும் சிஸ்டர் இரேஷாவிடம் வாளைக் கேட்டேன்.
ஒரு ஆளுக்கு ஒன்றுதானாம்,
பிறகு மஞ்சள் வாளிக்குள் போய்விடுமாம்.
(என் கத்திக்குச் சாணைக்கல் கூட என் காசு.)
இடுக்கியில் தூக்கி ஒரு தரம் காட்டினாள்.
இடப்பக்கத்துப் பற்கள் மட்டும் மழுங்கியிருந்தன.
கை சாய்ந்திருக்கிறது.
அன்று யாரிடமும் சொல்லவில்லை.

தையில் ருஸ்னா கேட்டாள்:
"படி இறங்கும்போது வலி, பத்துக்கு எத்தனை?"
எங்கள் பிரிவில் படி ஏது?
கான் உண்டு, கான் ஓரமாய் வழுக்குகிற தடம் உண்டு.
இடதுக்கு இதே மூன்றாம் மாதத்தில் இரண்டு என்று சொன்னேன்.
வலதுக்கு நாலு போடு. இறக்கத்தில்
டிக் என்று ஒன்று கேட்கிறது.
எழுதிக்கொண்டாள்.
தாளின் அடியில் ஒரே ஒரு கோடு இருந்தது,
வேறு குறிப்புகள் என்று.

"எழுதும்மா. ரெண்டாவதுதான் நல்ல கத்தி.
மொதக் கால வெட்டினது நல்ல கை."

பேனா நின்றது.
"எது எதுன்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"
காதைத் தொட்டுக் காட்டினேன்.
தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள் கொஞ்ச நேரம்.
என்னை எந்தக் கட்டத்தில் போடுவதென்று
அந்தத் தாளில் இல்லை போலும்,
மூடியைப் பூட்டிவிட்டுச் சிரித்தாள்.

வெளியே மழை. புசல்லாவை பஸ்
புறப்படுகிற மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.
மிதிபலகை உயரம். கொண்டக்டர் தோளைத் தட்டி
"ஏறுங்க, ஏறுங்க" என்றான்.
இடது காலை வைத்தேன்.